காற்றுக் குமிழி

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதாநாயகனைக் காரில் ஏற்றிவிட்டால் போதும், உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிடுவார்கள். காற்று சீறும், மரங்கள் பின்னால் ஓடும். அந்தக் கார் எப்படி நின்றது என்பதை மட்டும் யாரும் எழுதமாட்டார்கள். கதைகளில் பிரேக்குக்கு உள்ள ஒரே வேலை, துப்பறியும் நவீனத்தின் பத்தாவது அத்தியாயத்தில் வில்லன் கையால் அறுபடுவதுதான். பாவம், அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

ஆதியில் இருந்தது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் இரும்புப் பாத்திரத்துக்குள் இரண்டு பிறைகள் இருக்கும். மிதித்தால் அவை விரிந்து பாத்திரத்தின் உட்புறத்தை அழுத்தும். நிதானமாகப் போகிற குடும்பஸ்தனுக்கு இது போதும். வேகமாகப் போய் அடிக்கடி நிற்கிறவனுக்குத்தான் சங்கடம். உராய்வில் பிறந்த உஷ்ணம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். சூடேறிய பாத்திரம் விரிந்து பிறைகளை விட்டு விலகும். மிதிக்க மிதிக்கக் கால் கீழே போகும். கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

மூடிய பாத்திரத்துக்குப் பதில் திறந்த தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, இரண்டு பக்கமும் இடுக்கி போலப் பிடித்தால் என்ன என்று 1902-ல் ஒருவர் யோசித்து உரிமைப் பத்திரமும் வாங்கினார். பர்மிங்ஹாமில் கார் செய்துகொண்டிருந்த பிரெடரிக் லான்செஸ்டர் அவர். யோசனை அற்புதம். ஆனால் தட்டைப் பிடிக்க அவருக்குக் கிடைத்தது தாமிரம். தாமிரம் இரும்பில் உராய்ந்தால் எழும் கிறீச்சொலியைச் சொல்ல வேண்டியதில்லை. மண் சாலைப் புழுதியில் அது சீக்கிரம் தேய்ந்தும் போயிற்று. யோசனை ஐம்பது வருஷத்துக்குக் கிடப்பில் விழுந்தது.

இதற்கிடையில் காலின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழி மாறியது. கம்பிகளுக்குப் பதில் ஒரு குழாய். குழாய் நிறையத் திரவம். 1921-ல் அமெரிக்க டூஸன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் இந்த ஏற்பாட்டோடு வெளிவந்தது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லியிருந்தார். அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால், மிதிக்கிறவனுடைய பலமெல்லாம் அதை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

லான்செஸ்டரின் தட்டு மறுபடி உயிர் பெற்றது ஜாகுவார் கம்பெனியிலும் டன்லப் கம்பெனியிலும். இரண்டும் கூடி உழைத்தன. சோதனை ஓட்டி நார்மன் டூயிஸ் வேகமாக ஓட்டுவார், பிரேக் போடுவார், மறுபடி ஓட்டுவார். நாள் முழுவதும் இதே காரியம். உஷ்ணம் தட்டிலிருந்து காலிப்பருக்குத் தாவி, உள்ளே இருந்த திரவம் கொதித்தது. கொதித்தால் ஆவி, ஆவியும் குமிழிதானே? வெளியிலிருந்து வராத சத்துரு உள்ளேயே பிறந்துவிட்டான். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகு, 1952-ல் பிரான்ஸில் ரான்ஸ் நகரத்துப் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் இந்த பிரேக்கோடு ஜயித்தார். 1953-ல் லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவருடைய ஜாகுவாருக்குக் கிடைத்தது. சராசரி வேகம் மணிக்கு 105 மைலுக்கு மேல். அந்தப் பந்தயத்தில் நூறைத் தாண்டியது அதுவே முதல் தடவை. எதிரிகள் டிரம் பிரேக்கை நம்பி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தார்கள். ஜாகுவார் வளைவின் வாசல் வரையில் ஓடி, பிறகு நின்றது. வேகப் பந்தயத்தை நிற்கத் தெரிந்தவன் ஜயித்தான்! (ரோல்ட் யுத்தகாலத்தில் கோல்டிட்ஸ் சிறைக் கோட்டையில் கைதியாக இருந்தபோது, கூரைக்கடியில் ரகசியமாக கிளைடர் விமானம் கட்டிய திட்டத்தில் பங்கு கொண்டவர். அது தனிக் கதை.)

இரண்டே வருஷம் கழித்து, அதே லெ மானில், 1955 ஜூன் 11-ம் தேதி, மைக் ஹாதார்ன் தம் ஜாகுவாரைப் பழுது பார்க்கும் கொட்டகைப் பக்கம் நிறுத்துவதற்காக பிரேக் போட்டார். பின்னால் வந்த லான்ஸ் மாக்லின் விலகினார். அவருக்கும் பின்னால் வந்த பியர் லெவெக்கின் மெர்ஸிடஸ் மாக்லினின் கார் மீது ஏறி, கூட்டத்தின் பக்கம் பறந்து சிதறியது. லெவெக்கோடு எண்பதுக்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். விசாரணை எந்த ஓட்டியையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஒரு விவரம் மட்டும் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. முன்னே போன இரண்டு காரிலும் தட்டு பிரேக். மெர்ஸிடஸில் டிரம்மும், நிற்க உதவியாக முதுகில் எழும்பும் ஒரு காற்றுப் பலகையும். ஒரே சாலையில் இரண்டு யுகங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடியிருக்கின்றன.

பந்தயத்தில் பிறந்த சரக்கு வீட்டு வாசலுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1955-ல் சிட்ரோயன் டி.எஸ்., 1956-ல் டிரையம்ப் டி.ஆர்.3, இரண்டின் முன் சக்கரங்களிலும் தட்டு வந்துவிட்டது. 1957-ல் காலின் சாப்மன் தம் லோட்டஸ் ஸெவனைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார். முழுக் காராக வாங்கினால் பிரிட்டிஷ் சர்க்காருக்கு விற்பனை வரி. உதிரியாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் வரியில்லை. வரியை ஏமாற்ற மனிதன் எதையும் கற்றுக்கொள்வான். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கார் கட்டக் கற்றுக்கொண்டார்கள். 1973-ல் அந்த வரி போய்விட்டது. ஆனால் கட்டுகிற பைத்தியம் போகவில்லை. அதே வருஷம் ஸெவனைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குப் போயிற்று.

அப்படிக் கட்டியவர்களுக்கு வரும் அடுத்த ஆசை, பெரிய காலிப்பர். பழைய இரும்பைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பிஸ்டன் கொண்ட அலுமினியத்தைப் பூட்டுகிறார்கள். பெரிய பிஸ்டனைத் தள்ள அதிகத் திரவம் வேண்டும். ஆகவே பெடல் ஆழமாக இறங்கும். அதைச் சரிசெய்யப் பெரிய மாஸ்டர் ஸிலிண்டர் போட்டால் பெடல் உயரும், ஆனால் கால் வலிக்கும். இயற்கை ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிவிடுகிறது. பின் சக்கரத்தின் பிடி அளவு மிஞ்சினாலோ, அது முந்திக்கொண்டு இறுகி, அரை டன் எடை கூட இல்லாத வண்டியைப் பம்பரமாகச் சுழற்றிவிடும்.

பூட்டி முடிந்ததும் வருவது நம்மூர் மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்று சொல்லும் காரியம். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பூட்டியவர்கள் உண்டு. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். காற்றை வெளியேற்றும் நிப்பிள் மட்டும் மேலே இருப்பதற்குப் பதில் கீழே போய்விடும். காற்றோ மேலேதான் தங்கும். நாள் முழுக்கத் திரவத்தைக் கொட்டினாலும் அந்தக் குமிழி அசையாது.

சரியாகப் பூட்டியிருந்தால், வேலைக்கு இரண்டு பேர் போதும். பெரும்பாலும் புருஷனும் மனைவியும். மாஸ்டர் ஸிலிண்டருக்கு வெகு தூரத்தில் உள்ள சக்கரத்தில் ஆரம்பம். நிப்பிளில் கண்ணாடி போன்ற குழாயைச் செருகி, மறுமுனையை ஜாடியிலுள்ள திரவத்துக்குள் அமிழ்த்தி வைத்துக்கொண்டு அவர் தரையில் படுத்திருப்பார். அந்த அம்மாள் பெடலை மிதிப்பாள்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

நிப்பிளைத் தளர்த்தியதும் குழாயில் குமிழி ஓடும். இறுக்குவார்.

"இப்போ விடு."

இறுக்குமுன் காலை எடுத்துவிட்டால் போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். மேலேயுள்ள கிண்ணத்தில் திரவம் வற்றினாலும் அதே கதி. ஜாடியில் விழுந்ததை மறுபடி ஊற்றுகிற சிக்கனமும் கூடாது. டாட் 3 என்ற ரகத்துக்கு, புதிதாக இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்காமலிருக்க வேண்டும் என்று விதி. ஈரம் குடித்த பிறகோ 140 தாங்கினாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நான்கு சக்கரமும் முடிந்தால், பஞ்சு மெத்தை போல் இருந்த பெடல் கல்லாகிவிடும். அப்போதும் அவர் நம்புவதில்லை. மனைவியை ஒரு நிமிஷம் பலமாக மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, கையில் விளக்கோடு ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்க்கிறார், எங்காவது ஈரம் தட்டுப்படுகிறதா என்று.