பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் எச்சரிக்கை நாடகங்கள்

இயந்திரம் மனிதரை ஆளும் எதிர்காலத்தைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி தன் தொடக்க ஆண்டுகளிலேயே காட்டியது. செக் எழுத்தாளர் காரல் சாப்பெக்கின் ரோபோ நாடகத்தின் ஒரு பகுதியை பிபிசி 1938இல் ஒளிபரப்பியது.

நாடே விவாதித்தது 1954 டிசம்பர் 12 அன்று வெளியான நாடகத்தைத்தான். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை நைஜல் நீல் நாடகமாக்கினார். ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கினார். சுவரில் இருந்தபடி குடிமகனை வேவு பார்க்கும் திரையை, மக்கள் தம் வீட்டுக்குப் புதிதாக வந்த திரையில் பார்த்தார்கள். நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானங்கள் முன்வைக்கப்பட்டன. ஆதரவாகவும் சில வந்தன. அன்று மறுஒளிபரப்பு என்றால் நடிகர்கள் மறுபடியும் நேரலையில் நடிக்க வேண்டும். எதிர்ப்புக்குப் பணியாமல் பிபிசி அந்த வியாழக்கிழமையே நாடகத்தை மீண்டும் நடத்தியது.

பதினோரு ஆண்டுகளில் அந்தத் துணிவு கரைந்துபோனது. கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பீட்டர் வாட்கின்ஸ் ‘தி வார் கேம்’ படத்தில் செய்திப்படம் போலவே எடுத்திருந்தார். தீக்காயப்பட்டோரைக் கவனிக்க மருத்துவர்கள் போதவில்லை. உணவுக்காகக் கலவரம் மூள்கிறது. அரசின் பாதுகாப்பு ஏற்பாடுகள் எதற்கும் உதவவில்லை. பிபிசியின் தலைவராக இருந்த நார்மன்புரூக் பிரபு முன்னாள் அமைச்சரவைச் செயலாளர். படம் முதலில் அரசு அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. 1965 நவம்பரில் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. 1967இல் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற பிறகும், தொலைக்காட்சிக்கு வர அது 1985 வரை காத்திருந்தது. சமூக விமர்சனமாக எச்சரிக்கை நாடகங்களின் உச்சம் இதுவே. யாரைக் கேள்வி கேட்டதோ, அவர்களுக்கு அது நேராகப் போய்ச் சேர்ந்தது.

நீல் 1968இல் எழுதிய இன்னொரு நாடகத்தில், ஒரு குடும்பத்தைத் தீவில் விட்டு, அவர்கள் படும் பாட்டை நாடு வேடிக்கை பார்க்கிறது. 2000இல் ஆர்வெல்லின் சர்வாதிகாரி பெயரிலேயே, நிஜ மனிதரை வேடிக்கை காட்டும் ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சி பிரிட்டனுக்கு வந்தது. 2017இல் தமிழிலும் ‘பிக் பாஸ்’ ஆனது. நீலின் கணிப்பு பலித்தது, ஆனால் எதையும் தடுக்கவில்லை.

சார்லி புரூக்கரின் எச்சரிக்கைக் கதைத் தொடர் ‘பிளாக் மிரர்’ 2011இல் சேனல் 4இல் தொடங்கியது. ‘பிக் பிரதர்’ எடுத்த எண்டமால் குழுமத்தின் நிறுவனம் ஒன்றே அதன் தொடக்கத் தயாரிப்பாளர். அதன் இரண்டாம் கதையில் ஓர் இளைஞன் மேடையேறித் தன் சமூகத்தைக் கொதித்துச் சாடுகிறான். அந்தக் கோபத்துக்கே சொந்த நிகழ்ச்சி ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. தொடரின் எல்லையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கதை வேறில்லை. 2016இல் தொடர் நெட்ஃபிளிக்ஸுக்கு மாறியது. 2023இல் பயனரின் வாழ்க்கையையே திருடி நாடகமாக்கும் ஓர் ஓடிடி நிறுவனத்தை, நெட்ஃபிளிக்ஸின் சாயலிலேயே படைத்துச் சாடியது. அந்தக் கதைக்குத் தடையோ வழக்கோ வரவில்லை. நெட்ஃபிளிக்ஸே அதை வெளியிட்டது.