எம்டன் வந்த இரவும் எம் மேசைப் போரும்

வடசென்னையிற் பிறந்து வளர்ந்த முதியோரை "எம்டன்" என்னும் சொற்குப் பொருள் யாதென வினவின், சூழ்ச்சியில் வல்லவன், எளிதில் அகப்படாதவன் என்று விடை கூறுவர். அச்சொல் புலவர் ஆக்கியதன்று. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவில் கடல்வழியே நம் கரைக்கு வந்தது. சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி இராயபுரத்தில் அமைந்த பொருட்காட்சியில், அவ்விரவினை ஒரு மேசைமீது சிற்றுருக்களாற் செய்து காட்டவும், காண வருவோரையே இருபுறமும் நிறுத்தி ஆடுவிக்கவும் யாமும் எம் மாணாக்கர் சிலரும் முற்பட்டோம். அதில் நேர்ந்தவற்றை அன்பர் சிலர் எழுதுமாறு வேண்டினமையின் ஈண்டு எழுதலாயினோம்.

போரை மேசைமேல் ஆடுதல் சிறுபிள்ளைத் தொழிலென்று எண்ணற்க. நம் நாட்டுச் சதுரங்கம் நால்வகைப் படையின் பெயரால் எழுந்ததே. பிரஷிய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் 1812-இல் தம் அரசர்க்கு இத்தகைய ஆட்டமொன்றைச் செய்தளித்தார். அவர் மைந்தர் 1824-இல் அதனைத் திருத்தியமைக்க, படைத்தலைவர்கள் அதனாற் பயிற்சி பெற்றனர். கடற்போர்க்குரிய ஆட்டத்தை ஆங்கிலேயராகிய பிரெட் ஜேன் 1898-இல் வெளியிட்டார். கதையாசிரியர் வெல்ஸ் 1913-இல் பொம்மைப் படைகளுக்கு விதி வகுத்து ஒரு நூலே எழுதினார். அதற்கடுத்த ஆண்டே மெய்ப்போர் மூண்டது. நம் இல்லங்களில் கொலு வைப்போர்க்குப் பொம்மைகளால் ஒரு கதையை நிறுத்திக் காட்டுதல் புதிதன்று. அங்கே பொம்மை அசையாது, இங்கே அசையும், வேற்றுமை அவ்வளவே.

இனி அவ்விரவின் செய்தி. எம்டன் ஜெர்மானியரின் இலகு போர்க்கப்பல், 1908-இல் நீரில் இறக்கப்பெற்றது, நீளம் 118 மீட்டர், 10.5 சென்டிமீட்டர்ப் பீரங்கிகள் பத்து உடையது. அதற்குப் புகைபோக்கி மூன்றே. ஆங்கிலக் கப்பலெனப் பிறர் மயங்குமாறு நான்காவதொன்றைப் பொய்யாக அமைத்துக்கொண்டு வங்கக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்குவித்தும் திரிந்தது. பண்டை இலக்கணப்படி இதற்குத் திணை கூறுவதாயின் வெட்சி எனலாம். களவிற் சென்று ஆநிரை கவர்தற்கும் இதற்கும் பெரிதும் வேறுபாடில்லை. அதன் தலைவர் கார்ல் பான் முல்லர் இரவு ஒன்பதரை மணியளவில் ஏறத்தாழ 3000 கெஜத் தொலைவில் கப்பலை நிறுத்தினார். நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர்நீதிமன்றத்தின் உச்சியிலிருந்த கலங்கரை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 130 குண்டுகள் வீசப்பட்டன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றின. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலும் அடிபட்டது. ஐவரேனும் உயிரிழந்தனர். கரைப்பீரங்கிகள் விடைகூறியபோது எம்டன் விளக்கவித்து இருளிற் கலந்தது. பின்னாளில் பல்லாயிரவர் நகரைவிட்டு ஓடினர். நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னி எம்டனை வென்றது. குண்டு பட்டதைக் குறிக்கும் கல் உயர்நீதிமன்ற மதிற்புறத்தில் இன்றும் உள்ளது.

மேசையை ஆயிரத்திருநூற்றில் ஒரு பங்கு அளவில் அமைத்தோம். அவ்வளவிற் கப்பல் நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 3000 கெஜமோ ஏழரை அடியாகும். அகலக் கடலில் ஒரு சிறு துரும்பென அக் கப்பல் நின்றது கண்டு முதலில் எமக்கே மனம் சோர்ந்தது. அளவைக் குறைத்துக் கப்பலைப் பெரிதாக்கிவிடலாமா என்றும் கருதினோம். பின்னர்த்தான், கரைப்பீரங்கியாளர்க்கு அது தோன்றாமற்போனமை அதனாலேயே விளங்கும் எனத் தெளிந்தோம். கடலுக்கு நீலம் பூசிய பலகை, தொட்டிகளுக்குத் தெர்மோகோல், புகைக்குப் பஞ்சு, பொய்ப் புகைபோக்கிக்குப் பேனாக் குச்சியின் துண்டு. திருவொற்றியூரிலிருந்து இவற்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வருகையில் வழியிலேயே அப் பொய்ப் புகைபோக்கி தொலைந்தது. முல்லர் அறியின் வருந்தியிருப்பார்.

விதி எளியது. விளக்கெரியும் இலக்கைத் தாக்கப் பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தாற் போதும். இருளில் நிற்குங் கப்பலைத் தாக்க இரு பகடையிலும் ஆறு விழல் வேண்டும். முப்பத்தாறில் ஒரு முறையே அது நிகழத்தக்கது. ஆயினும் முதல் நாள் மாலையிலேயே ஒரு சிறுவனுக்கு அது விழுந்துவிட்டது! எம்டன் மூழ்கியது. கூடியிருந்த பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரத்தில் அடுத்த அரங்கினர் எழுந்து வந்து பார்த்தனர். சங்கத்துப் பெரியவரொருவர் எம்மைத் தனியே அழைத்து, "ஐயா, மனிதர் செத்த இடத்தைத் தாயக்கட்டை ஆடும் இடமாக்கலாமா?" என்றார். அவர் வினாவுக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை.

அவ்வினா நெஞ்சிலிருக்கும்போதே காசிமேட்டிலிருந்து வந்த மூதாட்டியொருவர் மேசையை நெடுநேரம் நோக்கி நின்று, "வாத்தியாரே, கப்பல் இருக்குது, கோட்டை இருக்குது, எங்க குப்பம் எங்கே?" என்றார். வடபாற் கரையை வெறும் மணற்றாளால் மூடியிருந்தோம். தம் ஆயா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உலைவைத்த அடுப்பையும் அணையாமல் ஓடியதை அவ்வம்மையார் கூறினார். பீரங்கிகளின் அளவெல்லாம் தேடிக் கற்ற யாம், எம் மாணாக்கர் பலரின் முன்னோர் வாழ்ந்த கரையை வெறுமையாக விட்டிருந்தோம். "பிழைதான், அம்மா; நாளை வந்து பாருங்கள்" என்றோம்.

அன்றிரவே அட்டையால் நாற்பது குடிசைகள் வெட்டினோம். மரக்குச்சிகளைக் கட்டிக் கட்டுமரங்களும் செய்தோம். விதியிலும் ஒன்று கூட்டினோம். எம்டனின் குண்டு குறிதவறின் அது விழுமிடத்தையும் பகடையாலே குறிக்கவேண்டும். சிலபோது அது குடிசைகளில் விழும். மறுநாள் பிள்ளைகள் முன்போலவே ஆரவாரித்தனர். ஆனால் குண்டு கரையில் விழுந்தபோது கை சற்றே தயங்கியதைக் கண்டோம். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ஒரு மாணவன், ஆட்டம் எவ்வாறு முடிந்திருப்பினும், மெய்யாக நிகழ்ந்ததை உரக்கப் படித்தான். பெரியவர் அதன்பின் ஒன்றும் கூறவில்லை. ஆயினும் மாலைவரை மேசையருகிலேயே ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். மூதாட்டியார் வந்து தம் வீட்டு இடம் இதுவன்று என்று ஒரு குடிசையை இரண்டு விரற்கடை வடக்கே நகர்த்திவிட்டுச் சென்றார்.

வரும் விழாவிலும் மேசை இடம்பெறும். அவ்விரவைப்பற்றித் தம் இல்லத்து மூத்தோர்வாய்க் கேட்டவற்றை, எத்துணைச் சிறிதாயினும், அன்பர்கள் சங்க நிலையத்துக்கு எழுதியனுப்பினால் கரையின் எஞ்சிய பகுதியையும் நிரப்புவோம். பொய்ப் புகைபோக்கிக்கு வேறு குச்சி கிடைத்துவிட்டது.