பனியில் பின்சக்கர வண்டி: மிகப் பழைய விடை

பனி கொட்டும் ஊரில் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கப் போறேன்னு சொன்னால், "குளிர்காலத்துக்கு என்ன பண்ணுவே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முன்சக்கர வண்டியில் எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பின்சக்கர வண்டியில் அந்த வசதி கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் டிக்கியில் மணல் மூட்டையைப் போட்டு ஓட்டினார்கள்.

1980-இல் ஜெனீவா கண்காட்சிக்கு ஆடி குவாட்ரோ வந்தது; நான்கு சக்கரத்துக்கும் விசை. 1985-இல் பி.எம்.டபிள்யூவும் 325ஐஎக்ஸைக் காட்டியது. 1995-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. வந்தது. வண்டி சறுக்க ஆரம்பித்ததுமே வேண்டிய சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வழிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. மென்பொருள்காரனான எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மூத்த விடை ஒன்று உண்டு. 1934-இல் பின்லாந்தில், இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடி நிறுவனம், லாரிகளுக்காகப் பனிக்கால டயர் செய்தது. 1936-இல் கார்களுக்கு ஹக்கபெலிட்டா வந்தது.

கிளம்புவதற்கு நான்கு சக்கர விசை உதவும். நிற்பதற்கு? பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. மென்பொருள் இருக்கிற பிடிப்பைப் பங்கு போடும், இல்லாததை உண்டாக்காது. காசு கம்மியாக இருந்தால் முதலில் டயரை மாத்துங்க.