முற்றுகையில் பிறந்த சிட்டை

1948 ஜூன் 24ஆம் திகதி, மேற்கு பெர்லினுக்குள் போகும் ரயில் பாதைகளையும் தெருக்களையும் கால்வாய்களையும் சோவியத் படைகள் அடைத்துவிட்டன. உள்ளே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட சனம். மிச்சமிருந்தது வானம் மட்டும்தான். அமெரிக்க, பிரித்தானிய விமானங்கள் மாவும் மருந்தும் நிலக்கரியும் சுமந்துகொண்டு இரவு பகலாகப் பறந்தன. விமானம் போதுமா, எரிபொருள் போதுமா என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். ஆனால் வேலையைத் தடுமாற வைத்தது கடதாசி.

ஒவ்வொரு பொதியோடும் ஒரு சரக்குச் சிட்டை வந்தது. ஒன்றில் எடை மேலே இருக்கும், இன்னொன்றில் கீழே. மொழிகள் வேறு, பிரதிகளின் எண்ணிக்கையும் வேறு. எட் கில்பர்ட் என்ற அமெரிக்க இராணுவ சார்ஜன்ட்டும் அவருடைய ஆட்களும் அந்தக் கலவையை ஓரங்கட்டிவிட்டு, எல்லாச் சரக்குக்கும் ஒரே வடிவிலான சிட்டை ஒன்றைத் தயாரித்தார்கள். அதை டெலக்ஸில் அடிக்கலாம், ரேடியோவில் அனுப்பலாம், தொலைபேசியில் வாசித்தும் காட்டலாம். 1949 மே மாதம் முற்றுகை விலகியது. செப்டெம்பரில் விமானங்கள் ஓய்ந்தபோது 20 லட்சம் தொன்னுக்கு மேல் சரக்கு பெர்லினில் இறங்கியிருந்தது. கில்பர்ட் படையை விட்டுப் போனார். சிட்டை மட்டும் அவருடைய தலையை விட்டுப் போகவில்லை.

1960களின் தொடக்கத்தில் அவர் டூபோன்ட் என்ற இரசாயன நிறுவனத்தில் இருந்தார். அதே யோசனையைக் கொண்டு, டூபோன்ட்டுக்கும் அதன் சரக்கை ஏற்றிச் செல்லும் பார ஊர்தி நிறுவனத்துக்கும் இடையே மின்வழிச் செய்தி ஓட வழி செய்தார். 1965இல் ஒல்லாந்து–அமெரிக்கா கப்பல் நிறுவனம் ஒரு முழுக் கப்பலின் சரக்கு விவரத்தை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் டெலக்ஸில் அனுப்பியது. பக்கம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்தான். போய்ச் சேர்ந்த செய்தி காகித நாடாவாகி, அங்கிருந்து நேரே கணினிக்குள் ஏறியது. நடுவில் யாரும் மறுபடி எழுதவில்லை. கணக்கப்பிள்ளைகளின் காலம் முடிந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னவர் தோற்றிருப்பார்.

காரணம் காசு. 1970களில் இந்தச் செய்திகளுக்குப் பொதுத் தரங்கள் வந்தன. ஆனால் அவற்றை அனுப்பத் தனி வலையமைப்பு வேண்டும், மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அது கட்டுபடியானது. ஒரு பஸார் கடைக்கு எங்கே கட்டுபடியாகும்? அங்கே விற்றதை ஒருவர் ஒரு கொப்பியில் எழுத, இரவில் இன்னொருவர் அதைப் பேரேட்டில் பெயர்த்து எழுதினார். பிறகு கடைக்குள் கணினி வந்தது. பேரேடு கணினிக்குள் போனது. பெயர்த்து எழுதும் வேலை மட்டும் அப்படியே நின்றது.

2000ஆம் ஆண்டில் கதவு கொஞ்சம் திறந்தது. ஈபே தன் இணையச் சந்தைக்குள் வெளியார் மென்பொருள்கள் நேரே வந்து கேள்வி கேட்க வழி விட்டது. எந்தக் கணினியிடம் எதைக் கேட்கலாம், எந்த வடிவில் கேட்க வேண்டும் என்று வகுக்கும் ஒரு மொழியை ஐபிஎம்மும் மைக்ரோசொஃப்ட்டும் சேர்ந்து வெளியிட்டன. அதை எழுதிய நால்வரில் ஒருவர் சஞ்சீவ வீரவரண என்ற இலங்கையர். ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர் பிறகு கொழும்புக்குத் திரும்பினார். 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் உருவாக முன்னின்றார். கட்டணமில்லாத திறந்த மென்பொருளை இங்கிருந்தே எழுதுவதுதான் திட்டம். அடுத்த வருடக் கடைசியில் திட்டங்கள் எல்லாம் ஓரமாகின.

2004 டிசெம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோர ஊர்கள் வரிசையாகச் சிதைந்தன. உதவி வராமல் இல்லை, லொறி லொறியாக வந்தது. ஆனால் வந்த ஒவ்வொரு அமைப்பின் கையிலும் ஒரு பட்டியல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில். காணாமற்போனவர் எந்தப் பட்டியலில், எந்த முகாமில் எத்தனை பேர், யாருக்கு எது போய்ச் சேர்ந்தது என்று ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வழியில்லை. ஐம்பத்தாறு வருடத்துக்கு முன் பெர்லின் விமானத் தளத்தில் நடந்த அதே கூத்து. இந்த முறை சிட்டையில் இருந்தது நிலக்கரி இல்லை, மனிதர்களின் பெயர்கள்.

கொழும்பில் தன்னார்வ மென்பொருளாளர்கள் நித்திரையை மறந்து சில வாரங்களில் ஒன்றை எழுதி முடித்தார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பதிவேடு. பெயர் சஹனா. அனர்த்தத்துக்கென அரசு கொழும்பில் அமைத்த செயற்பாட்டு நிலையத்தில் அது ஓடியது. மறு வருடம் பாகிஸ்தான் பூகம்பத்துக்குப் போனது, பிறகு பிலிப்பைன்சுக்கு, 2010இல் ஹெய்ட்டிக்கு. அனர்த்தத்துக்காக எழுதியது இப்படி உலகம் சுற்ற, அந்த வட்டாரத்தில் இருந்தவர்கள் வியாபாரத்தின் பக்கம் திரும்பினார்கள்.

2005 ஓகஸ்டில் வீரவரண, போல் ஃப்ரீமான்டில், தவணம் ஸ்ரீநிவாஸ் மூவரும் டபிள்யூஎஸ்ஓ2 என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த இணைப்பு மென்பொருள் எந்த ஊர்ப் பொதியையும் ஏற்றி, வழியில் வேறு உறை போட்டு, எந்த ஊரிலும் இறக்கிவிடும் பஸ் மாதிரி. 2007இல் அமெரிக்காவில் ஜெஃப் லிண்ட்சே என்ற இளைஞர் இன்னொரு கேள்வி கேட்டார். ஓடர் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஒரு கணினி மற்றதைக் கேட்டுக்கொண்டே இருப்பானேன்? வந்ததும் அதுவே சொல்லட்டுமே. இப்படித்தான் வெப்ஹூக் என்ற முறை பிறந்தது. கொழும்பில் எழுதிய பஸ்ஸில் சில வருடங்களில் ஏறிய பயணி யார் என்று தெரிந்தால் வியப்பு வரும். ஈபே! ஒரு நாளில் நூறு கோடிக்கு மேற்பட்ட செய்திகளை அது அந்த வழியாக அனுப்பியது. 2024இல் ஈகியூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் டபிள்யூஎஸ்ஓ2ஐ 600 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது.

இவ்வளவு தூரம் சுற்றி வந்த சங்கதி இன்று கணக்கு மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ‘இணை’ என்ற ஒற்றைப் பொத்தானாகக் கிடக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றை இணையக் கடையில் போட்டால், கண்டியிலிருந்து ஓடர் விழுந்த கையோடு கடை தன் கணக்கு மென்பொருளுக்குச் செய்தி அனுப்புகிறது. விலைச்சிட்டை எழுதப்படுகிறது, இருப்பில் ஒரு சாரன் குறைகிறது, வரவேண்டிய காசு வாங்கியவர் பெயரில் ஏறுகிறது. கொப்பியும் இல்லை, இரவுப் பெயர்ப்பும் இல்லை. ஆனால் கேஷ் ஒன் டெலிவரியில் போன சாரனைக் கண்டிக்காரர் வாசலிலேயே வேண்டாம் என்றுவிட்டால் கதை மாறுகிறது. திரும்பி வருகிறது என்று கூரியர்காரரின் கணினி சொன்னால்தான் கடைக்குத் தெரியும். அது பேசாமல் இருந்துவிட்டால் பேரேட்டில் விற்பனை நிற்கும், சாரனோ கடை மேசைக்குத் திரும்பியிருக்கும். அப்போது கணக்கப்பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார்கள்.