ஒரு கிராமக் கடைக்காரரின் வம்சாவளி

அரசர்களின் குலவரிசையை எழுதிவைக்க அரசவையில் ஆள் இருந்தார்கள். நிலப்பிரபுக்களின் குலவரிசையை அவர்களுடைய சொத்துப் பத்திரங்களே காத்துவைத்தன. ஒரு சிற்றூரில் கடை வைத்துப் பிழைத்தவரின் வம்சாவளியை யார் எழுதினார்கள்? இங்கிலாந்தைப் பொறுத்தவரை இதற்கான விடை சற்று விந்தையானது. பாதிரியாரும், வரி வசூலிப்பவரும், ஏழைகளுக்குச் செலவழிக்க மனமில்லாத ஊரும் சேர்ந்து, அப்படியொரு நோக்கமே இல்லாமல், அதை எழுதிவைத்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நாம் எடுத்துக்கொள்ளும் மனிதர் தாமஸ் டர்னர். 1729இல் கென்ட் மாவட்டத்தின் க்ரூம்பிரிட்ஜில் பிறந்தவர். சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் ஈஸ்ட் ஹோத்லி என்ற சிற்றூரில் கடை நடத்தி 1793இல் மறைந்தவர். சர்க்கரை, தேயிலை, துணி, ஆணி, காகிதம் என அவர் கடையில் கிடைக்காத பொருள் அரிது. ஊரில் சாவு விழுந்தால் அடக்கத்துக்கு வேண்டியவற்றையும் அவரே தருவித்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வழங்கும் கையுறைகளும் அதில் அடக்கம். சில காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். அண்டை அயலாருக்கு உயில் எழுதிக்கொடுத்தார், கணக்குப் பார்த்துக்கொடுத்தார்.

தேடலின் முதல் தடயம் பெயர்தான். டர்னர் என்றால் மரத்தில் கடைசல் பிடிப்பவர். கொல்லர் ஸ்மித் ஆனதும், மாவு அரைப்பவர் மில்லர் ஆனதும் இப்படித்தான். பதினான்காம் நூற்றாண்டுவாக்கில் இத்தகைய தொழிற்பெயர்கள் இங்கிலாந்தில் பரம்பரைப் பெயர்களாக உறைந்துவிட்டன. ஆனால் நம்முடைய டர்னர் கடைசல்காரர் அல்லர். அவருடைய தந்தையும் கடைக்காரரே. கடைசல் பிடித்த மூதாதை ஒருவர் என்றோ இருந்திருக்க வேண்டும் என்பதற்குமேல் அப்பெயர் எதுவும் சொல்வதில்லை. கைவிட்டுப் போன தொழிலைப் பெயர் மட்டும் சுமந்துகொண்டு வருகிறது.

இன்று ஓர் ஆங்கிலேயர் தம் முன்னோரைத் தேடினால் பின்னோக்கியே நடக்க வேண்டும். முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நூறாண்டு கழிந்த பிறகே அதன் ஏடுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுக்கானவை 2022இல் திறக்கப்பட்டன. 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் நேர்ந்த தீவிபத்தில் அழிந்தன. பிறந்த ஊரையும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதையும் சொல்லும் ஏடுகள் 1851இலிருந்து கிடைக்கின்றன. 1841ஆம் ஆண்டின் ஏட்டிலும் பெயரும் தொழிலும் உண்டு. ஆனால் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1837 ஜூலையில்.

அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள் மட்டுமே கைகொடுக்கும். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538இல் இட்ட ஆணையின்படி, ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். பல ஊர்களில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் இந்த இழை அறுந்துபோகிறது. தந்தையின் தொழிலைக் கேட்கும் அச்சிட்ட படிவம் வந்தது 1813இல்தான். அதற்கு முந்தைய ஏடுகளில் கொல்லரும் தச்சரும் கடைக்காரரும் வெறும் பெயர்கள். தொழிலைக் குறிப்பதும் விடுவதும் பாதிரியாரின் மனம்போல.

இந்த ஏடுகளின் வழியே டர்னரின் மனைவி பெகியைத் தேடினால் என்ன கிடைக்கும்? 1753இல் திருமணம். 1755இன் தொடக்கத்தில், சில மாதங்களே வாழ்ந்த ஒரு மகனின் மரணம். 1761இல் அவளுடைய அடக்கம். ஒரு பெண்ணின் மணவாழ்க்கைக்கு ஏடு ஒதுக்கிய இடம் சில வரிகள்.

ஆனால் டர்னர் 1754முதல் 1765வரை நாட்குறிப்பு எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட அந்தக் குறிப்பேடுகள் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் சில பகுதிகள் 1859இல் அச்சேறின. 1925இல் அவருடைய வழித்தோன்றலான ஒரு பெண்மணி ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். 1984இல் டேவிட் வெய்ஸி விரிவான பதிப்பு ஒன்றை வெளியிட்டார். ஏடுகள் சொல்லாத பெகியை அங்கே பார்க்கிறோம். அவள் அவரோடு சண்டையிடுகிறாள். நெடுநாள் நோயில் கிடக்கிறாள். ரிச்சர்ட்சனின் ‘கிளாரிஸா’ நாவலைக் கணவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். குடித்துவிட்டு வருந்துவதும், இனிக் குடிப்பதில்லை என உறுதிகொள்வதும், மீண்டும் குடிப்பதுமாக ஒரு பலவீனமான மனிதர் அவளருகே நிற்கிறார். அவளை இழந்த துயரமும் அதே ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

இத்துடன் நிறுத்தினால் டர்னரை நேசித்துவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் அவர் தம் பங்கின் ஏழைகள் கண்காணிப்பாளராகவும் இருந்தார். 1662ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஒவ்வோர் ஏழைக்கும் ஒரு சொந்தப் பங்கை வகுத்திருந்தன. உதவி கேட்கும் நிலைக்கு வந்தவரைக் காப்பாற்றும் பொறுப்பு அந்தப் பங்கின் தலையில். எனவே எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் பயின்றாய், எங்கே ஓராண்டு வேலை பார்த்தாய் என்று நீதிபதி முன் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். தங்கள் பொறுப்பு அல்ல என்று தெரிந்தால் அவரை உரிய ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். மணமாகாத பெண் கருவுற்றால் ஊருக்கு அச்சம்: குழந்தை இங்கே பிறந்தால் செலவும் இங்கேதான். தகப்பன் வேற்றூர்க்காரன் எனில், அவனைப் பிடித்து மணம் முடித்துவைத்தால் தாயும் சேயும் அவனுடைய ஊரின் பொறுப்பாகிவிடுவார்கள். இத்தகைய திருமணங்களுக்காக ஊர்ச் செலவில் அலைந்து திரிந்ததை டர்னர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இன்று ஏழை முன்னோரைத் தேடுபவர்களுக்கு அந்த விசாரணைத் தாள்களே பொக்கிஷம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாளின் பிறப்பும் பயிற்சியும் நாடோடி வாழ்க்கையும் அவற்றில்தான் விரிவாகக் கிடைக்கின்றன. அவரை ஊரைவிட்டு அகற்றுவதற்காகத் திரட்டிய செய்திகள், அவருடைய சந்ததிக்கு அவரை மீட்டுத் தருகின்றன. இந்த முரணைக் கடந்து நம்மால் எளிதில் போக முடியவில்லை.

1765இல் டர்னர் மோலி ஹிக்ஸை மணந்தார். சில வாரங்களில் நாட்குறிப்பு நின்றுவிடுகிறது. அதன்பின் அவர் வாழ்ந்த இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு நாம் மீண்டும் பதிவேடுகளையும் பத்திரங்களையும்தான் நாட வேண்டும். அவரும் ஊராரைப் போல வரிகளுக்குள் ஒடுங்கிப்போகிறார். மோலியின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று சொல்ல ஒரு குறிப்பேடும் இல்லை.

ஒரு கிராமத்துத் தொழிலாளியின் குடும்பத்தைத் தேடுகிறவர் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று கேட்டபடியே நடக்க வேண்டியிருக்கிறது. டர்னருக்குத் தம்மைப் பற்றித் தாமே எழுதும் வாய்ப்பு பதினோரு ஆண்டுகள் கிட்டியது. அவசர மணம் முடித்து வேற்றூருக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண்களுக்கு அது கிட்டவில்லை. அவர்களுடைய வழிவந்த பேத்தி ஒருத்தி இன்று காப்பகத்தில் தேடினால் கிடைக்கப்போவது டர்னரைப் போன்ற ஒருவரின் கையெழுத்துதான். அதன் அடியில், தன் பெயரை எழுதத் தெரியாத அந்தப் பாட்டி பேனாவை வாங்கி இட்ட ஒரு கீறலும் இருக்கக்கூடும்.