பலஸ்தீனம் எங்கட ஊருக்குக் கவிதையாகவும் வந்தது

எங்கட பக்கத்தில் பலஸ்தீன் என்ற பெயரைக் கேட்காத வெள்ளிக்கிழமை குறைவு. ஜும்ஆவில் துஆ கேட்கும்போது அந்தப் பெயர் வரும். போனைத் திறந்தால் இடிந்த வீடுகளும் கபன் துணிகளும் வரும். கொஞ்ச நேரம் பார்ப்பம், மனசு தாங்காமல் அடுத்த வீடியோவுக்குப் போயிடுவம்.

இப்ப ஒரு கேள்வி. பலஸ்தீன ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்க பார்ப்பம். அல்லது ஒரு நாவல்? அங்க உள்ள உம்மம்மாமார் பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்லுவாங்க என்றாவது தெரியுமா?

நண்பர்களிடம் இதைக் கேட்டபோது எல்லோரும் முழித்தார்கள். கேட்ட எனக்கும் முன்பு தெரியாதுதான். பலஸ்தீனர்கள் எப்படி மவுத்தாகிறார்கள் என்பது எங்களுக்கு நல்லாத் தெரியும். எப்படி வாழ்ந்தார்கள், எதைச் செய்தார்கள், எதை நினைத்துச் சிரித்தார்கள் என்று கேட்டால் கையை விரிக்கிறம்.

உலகத்துத் தொலைக்காட்சிகள் பல காலமாகக் காட்டிய பலஸ்தீனருக்கு முகமூடியும் துப்பாக்கியும் இருக்கும். நாங்கள் பகிர்கிற படத்தில் அழுகிற தாய் இருப்பார். முதலாவது வெறுப்பில் வந்தது, இரண்டாவது பாசத்தில் வந்தது. ஆனால் இரண்டிலும் ஒரு முழு மனிசரைக் காணக் கிடைப்பதில்லை.

இதில் எங்களுக்கு வெட்கமான விசயம் ஒன்று இருக்கிறது. பலஸ்தீனர்களை முழு மனிசராக அறிமுகம் செய்த ஒரு தமிழ்ப் புத்தகம், நாற்பது வருசத்துக்கு முன்பே எங்கட கல்முனையில் இருந்துதான் வந்தது.

1981 இல் வந்த புத்தகம்

எம்.ஏ. நுஃமான் 1944 இல் கல்முனைக்குடியில் பிறந்தவர். 1969, 70 காலத்தில் கல்முனையில் இருந்து 'கவிஞன்' என்ற கவிதைச் சஞ்சிகையை நடத்தியவர். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் படிப்பித்தவர். அவர் ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிய 'பலஸ்தீனக் கவிதைகள்' கல்முனை வாசகர் சங்க வெளியீடாக 1981 இல் வந்தது. மஹ்மூத் தர்வீஷ், பத்வா துக்கான், சமீஹ் அல் காஸிம், தௌபீக் சையாத் போன்ற பெயர்களைத் தமிழ் வாசகர் பலர் முதன்முதலாக அதில்தான் பார்த்தார்கள். 2000 இல் அதன் விரிவாக்கிய பதிப்பு வந்தது. பின்னர் தர்வீஷின் கவிதைகள் மட்டும் தனி நூலாகவும் வந்தன.

அந்த வருசத்தைக் கவனியுங்க. 1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாகின. அதைப் பற்றி இன்றுவரை அதிகம் பேசப்படுகிற கவிதைகளில் ஒன்று 'புத்தரின் படுகொலை'. அதை எழுதியவரும் நுஃமான்தான். பலஸ்தீனத்தின் வலியைத் தமிழுக்குக் கொண்டுவந்த அதே ஆள், அதே காலத்தில் யாழ்ப்பாணத்தின் வலியையும் எழுதினார்.

புத்தகம் பறிபோவது பலஸ்தீனர்களுக்கும் புதிதில்லை. 1948 இல் மேற்கு ஜெரூசலத்தில் பலஸ்தீனக் குடும்பங்கள் வீடுகளை விட்டு ஓடியபோது, அந்த வீடுகளில் இருந்த சுமார் 30,000 நூல்கள் அள்ளிச் செல்லப்பட்டன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை இன்றும் இஸ்ரேலின் தேசிய நூலகத்தில், 'கைவிடப்பட்ட சொத்து' என்ற குறியீட்டோடு இருக்கின்றன. அப்படித் தன் நூலகத்தை இழந்தவர்களில் ஒருவர் கலீல் சக்காக்கினி. புகழ்பெற்ற கல்வியாளர், பிள்ளைகளுக்கு அரபுப் பாடப்புத்தகம் எழுதியவர். அவர் ஒரு கிறிஸ்தவர். பலஸ்தீனர் என்றால் முஸ்லிம்கள் மட்டும்தான் என்று நினைக்கிற எங்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

கவிஞர்களும் மனிசர்தான்

பத்வா துக்கான் 1917 இல் நாப்லுஸ் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டார் அவரைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்திவிட்டார்கள். அவருடைய நானா இப்றாஹீம் துக்கான் ஒரு கவிஞர். அவர்தான் தங்கச்சிக்கு வீட்டில் வைத்துக் கவிதை சொல்லிக்கொடுத்தார். அப்படிப் படித்த பிள்ளைதான் பிற்காலத்தில் அரபுலகம் மதிக்கிற கவிஞரானார். படிப்பு நிறுத்தப்பட்ட பொம்புளைப் பிள்ளையின் கதை எங்கட ஊர்களுக்கு அந்நியமானதா? எத்தனை ராத்தாமார், எத்தனை உம்மாமார் இந்தக் கதையோடு இருக்கிறாங்க!

தர்வீஷ் 1941 இல் அல் பிர்வா என்ற கிராமத்தில் பிறந்தார். 1948 இல் குடும்பம் லெபனானுக்கு ஓடியது. அடுத்த வருசமளவில் ஒளித்துத் திரும்பி வந்தபோது கிராமமே இல்லை. சொந்த நாட்டுக்குள் இருந்தும், சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'இருந்தும் இல்லாதவர்கள்'. 1964 இல் அவர் எழுதிய 'அடையாள அட்டை' அரபுலகம் எங்கும் பரவியது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற எங்கட வாப்பாமாருக்கு அந்தத் தலைப்பை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அதே தர்வீஷ் பிற்காலத்தில் அந்தக் கவிதையை மேடையில் வாசிக்கச் சொன்னால் விரும்புவதில்லை. அவர் காதல் கவிதை எழுதினார், உம்மாவைப் பற்றி எழுதினார், மரணத்தைப் பற்றி எழுதினார். எதை எழுதினாலும் 'இது பலஸ்தீனத்துக்கு உருவகம்' என்று விளக்கம் சொல்லப்படுவது அவருக்குச் சலிப்பைத் தந்தது. தன்னை வெறும் கோஷமாக்குவதை அவர் ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டவனுக்கும் காதலிக்கவும் கோப்பி குடிக்கவும் உரிமை இருக்கிறதே!

ஊசியும் தறியும்

கவிதைக்கு வெளியிலும் பார்ப்பம். பலஸ்தீனப் பெண்களின் கைத்தையலுக்கு 'தத்ரீஸ்' என்று பெயர். சைப்ரஸ் மரம், நிலா, பறவை என்று சிலுவைத் தையலில் உருவங்கள் போடுவார்கள். முந்திய காலத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கோலமும் நிறமும் இருந்தன. சட்டையைப் பார்த்தே அந்தப் பெண் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்களாம். 1948 க்குப் பிறகு அந்த ஊர்களில் பல வரைபடத்திலேயே இல்லாமல் போயின. அகதி முகாம்களில் இருந்த பெண்களின் சட்டைகளில் மட்டும் அவை மிஞ்சின.

1987 இல் முதலாவது இன்திபாழா தொடங்கிய காலத்தில் பலஸ்தீனக் கொடியைத் தூக்குவது தடை. பெண்கள் அந்த நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் சட்டையில் தைத்துக்கொண்டார்கள். கையில் பிடித்த கொடியைப் பறிக்கலாம், உடுத்த சட்டையை என்ன செய்வது? 2021 இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இப்ப எங்கட பொடியன்மார் தோளில் போடுகிற கறுப்பு வெள்ளைத் துண்டுக்கு வருவம். அதுதான் கூபிய்யா, கெபியே என்றும் சொல்வார்கள். அது முதலில் வயல்காரனின் துண்டு. வெயிலுக்கும் புழுதிக்கும் தலையில் கட்டினது. நகரத்துப் பெரியவர்கள் சிவப்புத் துருக்கித் தொப்பி போட்டார்கள். 1936 முதல் 1939 வரை பிரித்தானியருக்கு எதிராக நடந்த கிளர்ச்சியின்போது, கிராமத்துப் போராளிகளை அந்தத் துண்டை வைத்து இராணுவம் அடையாளம் பிடித்தது. உடனே நகரத்தவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் துண்டைக் கட்டினார்கள். இனி யாரை என்று பிடிப்பது? 'பயங்கரவாதியின் துணி' என்று படம் காட்டப்பட்ட ஒன்றின் உண்மையான வரலாறு இதுதான்.

ஹெப்ரோன் நகரத்தில் 1961 இல் தொடங்கிய ஹிர்பாவி நெசவாலை இன்னும் அந்தத் துண்டை நெய்கிறது. வெளிநாட்டில் இருந்து மலிவான துண்டுகள் வந்து குவிந்தபோது அது மூடப்படுகிற நிலைக்கு வந்து தப்பியது. மருதமுனைக்காரருக்கு இந்தக் கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், கவலையும் வரும். கைத்தறிச் சத்தம் கேட்காத வளவு இல்லை என்று இருந்த ஊர் அது. இன்று எத்தனை வளவில் தறி ஓடுகிறது? நாங்கள் தோளில் போடுகிற துண்டு ஹெப்ரோனில் நெய்ததா, வேறெங்கோ ஆலையில் அச்சடித்ததா என்று வாங்கும்போது பார்க்கிறமா? இடுப்பில் கட்டுகிற சாறன் மருதமுனையில் நெய்ததா என்றாவது பார்க்கிறமா?

இன்னொன்று 'ஹிகாயா'. மாரி காலத்து இரவுகளில் வயதான பெண்கள் பிள்ளைகளுக்கும் மற்றப் பெண்களுக்கும் சொல்லுகிற கதைகள். இதையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் வைத்திருக்கிறது. எங்கட மூத்தம்மாமாரிடம் கதையும் இருந்தது, கவியும் இருந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்திருக்காவிட்டால், அவற்றில் பாதி மூத்தம்மாமாரோடு மையவாடிக்குப் போயிருக்கும்.

எங்களையும் ஒரு படமாக்கினார்கள்

இதெல்லாம் ஏன் முக்கியம்? படம் பிடித்து மாட்டுவது என்றால் என்ன என்று எங்களுக்கும் நடந்தபடியால்.

2019 ஏப்ரல் 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்தன. அந்த வீட்டில் இருந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததே ஊர் ஆக்கள்தான். ஆனாலும் அதற்குப் பிறகு வெளியூரில் 'எந்த ஊர்?' என்று கேட்டால், பதில் சொல்லுமுன் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆள் எங்கட பேக்கைப் பார்க்கிற பார்வை மாறியது. மீன்வாடி, வயல், தறி, பள்ளிக்கூடம், கவிஞர்கள் எல்லாம் ஒரு இரவோடு அழிந்து, ஒரு வெடித்த வீடு மட்டும் எங்கட முகமாயிற்று.

அந்த நாளில் எங்களுக்காக யாராவது 'அவங்க பாவம்' என்று சொன்னால் மட்டும் போதுமாக இருந்ததா? எனக்குப் போதவில்லை. எங்கட ஊரைத் தெரிந்த ஒருவர், இது நுஃமானின் ஊர், சோலைக்கிளியின் ஊர் என்று சொன்னால் நல்லா இருந்திருக்கும்.

கலை தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். எண்பதுகளில் ஈழத்துத் தமிழ் இளைஞர்கள் 'பலஸ்தீனக் கவிதைகள்' நூலைத் தங்கட கதையாக வாசித்தார்கள். ஆனால் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வீடு வாசலை விட்டு வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். வெளியேற்றப்பட்டவரின் கவிதை தமிழில் வந்து ஒன்பது வருசத்தில் தமிழிலேயே அது நடந்தது. ஆகவே வாசிப்பது மட்டும் போதாது. அதில் வருகிற அகதியைப் பக்கத்து வீட்டிலும் காணவேண்டும். அது அவர்களுக்கும் பொருந்தும், எங்களுக்கும் பொருந்தும்.

நாஜி அல் அலி என்ற கேலிச்சித்திரக்காரர் 1969 இல் 'ஹந்தலா' என்ற பையனை வரைந்தார். ஒட்டுப்போட்ட சட்டை, வெறுங்கால், பத்து வயது. நாஜி ஊரை விட்டு வெளியேறியதும் அந்த வயதில்தான். ஊருக்குத் திரும்பினால்தான் ஹந்தலா வளருவான் என்றார் அவர். 1987 இல் லண்டனில் நாஜி சுடப்பட்டு இறந்தார். ஹந்தலா இன்னும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறான்.

அடுத்த முறை பாடசாலையிலோ கழகத்திலோ பலஸ்தீனத்துக்காக ஏதாவது செய்யும்போது, கொடியோடும் உண்டியலோடும் இன்னும் ஒன்றைச் சேர்ப்பம். பத்வாவின் கவிதை ஒன்றை ஒரு தங்கச்சி வாசிக்கட்டும். ஹந்தலாவை ஒரு தம்பி சுவரில் கீறட்டும். தத்ரீஸ் கோலம் ஒன்றை மருதமுனைத் தறியில் நெய்ய முடியுமா என்று யாராவது கேட்டுப் பார்க்கட்டும்.

உங்கட வாப்பாவின் பழைய அலுமாரியையும் ஒருக்கா கிளறிப் பாருங்க. 1981 ஆம் ஆண்டுப் பிரதி கிடைத்தால் கறையான் தின்ன முதல் எங்களுக்குச் சொல்லுங்க. எல்லோருமாக இருந்து வாசிப்பம்.