பைனாகுலருக்கு முந்தின கணக்கு

2015-லிருந்து பொங்கலுக்குப் பொங்கல் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறாங்க. நல்ல வேலைதான். வேடந்தாங்கல் பக்கம் போறவங்க இந்தப் பழைய கதையையும் தெரிஞ்சுக்கணும்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரிப் பறவைகளைச் சுட்டாங்க. ஊர் விவசாயிகள் கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு, 1798-ல் சுடக்கூடாதுன்னு கவுல் வாங்கினாங்க. எதுக்கு? எச்சத்துக்கு! நாரையும் கூழைக்கடாவும் அடையுற மரத்தடித் தண்ணியில எச்சம் விழுந்து ஊறும். அது மதகு வழியா வயலுக்குப் பாயும்போது நெல்லுக்கு உரம். யூரியா மூட்டைக்கு வரிசையில நிக்கிற எனக்கு அந்தக் கணக்கு உடனே புரியுது. அரசு அதைச் சரணாலயமா ஏத்துக்கிட்டதோ 1936-ல்தான்.

கணக்கெடுக்க வர்றவங்க மதகுக்குக் கீழே வயல்ல நிக்கிறவர்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்க. எந்த வருஷம் எது வரலைன்னு அவர் சொல்லுவார்.